காய்ச்சலோடு வந்த வலிப்பு

மதிப்புக்குரிய டொக்டர் அவர்களுக்கு,

ஒட்டுசுட்டானிலிருந்து உள்ளே போகும் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். எனது மகனுக்கு இப்போது 17 மாதம். தை மாதக் கடைசியில் ஒருநாள் அவனை மாமியிடம் விட்டுவிட்டுக் கச்சான் ஆயப் போயிருந்தேன். பின்னேரம் ஐந்து மணிக்கு வந்து தூக்கியபோது உடம்பு சுட்டது. கைகால் கழுவிவிட்டு வந்து பனடோல் பாணி கொடுக்கலாம் என்று கிணற்றடிக்குப் போனேன். பத்து நிமிடத்தில் திரும்பி வந்து மடியில் வைத்தபோது அவனுடைய கண்கள் மேலே செருகின, கையும் காலும் இழுத்தன, உதடு நீலமாகியது, வாயில் நுரை வந்தது. மாமி ஓடிவந்து பல்லுக்கிடையில் கரண்டியை வைத்தார், கையில் திறப்பைத் திணித்தார். வாயிலிருந்து இரத்தமும் வந்தது. உழவு இயந்திரம் ஓட்டும் என் கணவர் மோட்டார் சைக்கிளை எடுக்க, நான் பிள்ளையை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு பின்னால் இருந்தேன். குளக்கட்டில் ஏறும் இடத்தில் இழுப்பு நின்று உடம்பு துவண்டுவிட்டது. போய்விட்டான் என்றே நினைத்தேன். எப்படியும் அரை மணித்தியாலம் வலித்திருக்கும்.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்து வீட்டுக்கு விட்டார்கள். அங்கே ஒருவர், "காய்ச்சலை ஏறவிட்டுப்போட்டு இப்ப கொண்டு வாறியள். நேரத்துக்குப் பனடோல் குடுத்திருந்தா இது வந்திருக்காது" என்று எல்லோருக்கும் முன்னால் ஏசினார். வீட்டுக்கு வந்த மறுநாள் காய்ச்சல் விட்டு உடம்பெல்லாம் சிவப்புப் புள்ளிகள் போட்டு, இரண்டு நாளில் மறைந்தன. தோசம் என்று சொல்லி மாமி கழுத்தில் நூல் கட்டுவித்திருக்கிறார். "தகப்பனுக்கும் சின்னனிலை ஒருக்கா இப்பிடி வந்தது" என்கிறார். உறவினர்கள் யாழ்ப்பாணம் கொண்டுபோய்த் தலையை ஸ்கான் எடுக்கச் சொல்கிறார்கள். மூளை பாதிக்கப்பட்டிருக்குமா? இனியும் வருமா? காக்கைவலிப்பாக மாறுமா? அடுத்த மாதம் ஊசி இருக்கிறது, போடலாமா? இரவில் மணித்தியாலத்துக்கு ஒருதடவை எழும்பி நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன். 2009 இல் எனக்குப் பதினான்கு வயது. துவண்ட பிள்ளைகளை மடியில் வைத்திருந்த தாய்மாரைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு நானும் அப்படித்தான் இருந்தேன்.

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கிணற்றடிக்குப் போய்வந்த அந்தப் பத்து நிமிடத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதம் முழுவதும் அதையே சுற்றி நிற்கிறது. நீங்கள் கிணற்றடிக்கும் போகாமல், கச்சான் ஆயவும் போகாமல், காலை தொடக்கம் பாணிப் போத்தலோடு பிள்ளையின் அருகிலேயே இருந்திருந்தாலும் இந்த வலிப்பு வந்திருக்கக்கூடும். காய்ச்சல் வலிப்பு என்று நாங்கள் சொல்லும் இந்த நிலை, ஆறு மாதத்துக்கும் ஐந்து வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளில் நூறு பேருக்கு இரண்டு முதல் ஐந்து பேரிடம் காணப்படுவது. காய்ச்சலின் முதல் நாளிலேயே, பல வேளைகளில் உடம்பு சூடேறத் தொடங்கும்போதே வந்துவிடுவதால், பிள்ளைக்குக் காய்ச்சல் என்பதை வலிப்பு வந்த பிறகுதான் அறிந்த பெற்றோரை விடுதியில் அடிக்கடி சந்திக்கிறேன். பனடோல் காய்ச்சலின் உபாதையைக் குறைக்கும். பிள்ளை பால் குடிக்கும், நித்திரை கொள்ளும். ஆனால் அதை நேரந்தவறாமல் கொடுத்துவந்தால் அடுத்த காய்ச்சலில் வலிப்பு வராது என்பது, பலமுறை ஆராய்ந்து பார்த்தும், மெய்ப்பிக்கப்படவில்லை. உங்களை ஏசியவர் சொன்னது பிழை. எங்கள் தொழிலிலுள்ள ஒருவர், பிள்ளையைக் கையில் ஏந்தி நின்ற தாயிடம் அதைச் சொன்னதையிட்டு நான் வெட்கப்படுகிறேன்.

அடுத்தது அந்த அரை மணித்தியாலம். இதை நான் அப்படியே விட்டுவிட முடியாது, ஏனெனில் வலிப்பு எவ்வளவு நேரம் நீடித்தது என்பதைப் பொறுத்து என் பதில் மாறும். பதினைந்து நிமிடத்துக்குள் தானாக நின்று, உடம்பின் இரு பக்கமும் இழுத்து, 24 மணித்தியாலத்துக்குள் மீண்டும் வராமலிருந்தால் அதைச் சாதாரண காய்ச்சல் வலிப்பு என்போம். நான் கீழே எழுதும் ஆறுதல் எல்லாம் அதற்கே பொருந்தும். விடுதிக்கு வரும் பெற்றோரில் அநேகர் அரை மணித்தியாலம் என்றுதான் சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்வதில்லை, அந்த நேரம் அவர்களுக்கு அப்படித்தான் நீண்டிருக்கிறது. அதனால் நான் நிமிடக் கணக்குக் கேட்பதை விட்டுவிட்டு, எந்த இடத்தில் நின்றது என்று கேட்கப் பழகிவிட்டேன்: படலையடியிலா, கோயிலடியிலா, சந்தி திரும்பும்போதா. உங்கள் கடிதத்தில் நான் கேட்காமலே அந்த விடை இருக்கிறது. மடியில் தொடங்கியது, மாமி ஓடிவந்தார், கணவர் மோட்டார் சைக்கிளை எடுத்தார், குளக்கட்டில் ஏறும்போது நின்றுவிட்டது. உங்கள் வாசலிலிருந்து அந்தக் குளக்கட்டு எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியாது. கணவரை ஒருநாள் சாதாரண வேகத்தில் ஓடி, கைபேசியில் நேரம் பார்க்கச் சொல்லுங்கள். எல்லாம் சேர்த்தும் ஐந்தாறு நிமிடத்துக்கு மேல் வராது என்பது என் ஊகம். ஆஸ்பத்திரியில் தந்த நோய் நிர்ணய அட்டையையும் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டி வாசித்துக் கேளுங்கள். அதில் நீண்ட நேரம் வலித்ததாகவோ, ஒரு பக்கம் மட்டும் இழுத்ததாகவோ, விடுதியில் இருக்கும்போது மறுபடி வந்ததாகவோ எழுதியிருந்தால் என் கணிப்பு தவறு. அப்போது பிள்ளையைச் சிறுவர் கிளினிக்கில் ஒருதடவை காட்டியாக வேண்டும்.

நீங்கள் கண்ட ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு. வலிப்பின்போது நெஞ்சுத் தசைகளும் இறுகுவதால் மூச்சு ஒழுங்காக ஓடாது. உதடு நீலமாவது அதனால். விழுங்க முடியாத உமிழ்நீரே நுரையாக வெளியே வருகிறது. குளக்கட்டில் உடம்பு துவண்டதுதான் உங்களை இன்னமும் விடாமல் வைத்திருக்கிறது என்பது புரிகிறது, ஆனால் அந்த இடத்தில்தான் வலிப்பு முடிந்தது. அவ்வளவு தசைகளும் ஒன்றாக இழுத்து ஓய்ந்த பிறகு பிள்ளை துவளும். அரை மணித்தியாலம், சில வேளைகளில் ஒரு மணித்தியாலம் வரை அயர்ந்து கிடக்கும். இரத்தத்துக்கும் வலிப்புக்கும் பெரும்பாலும் தொடர்பில்லை. கரண்டியின் விளிம்பு முரசைக் கிழித்திருக்கும்; இப்போது பார்த்தால் முன்பற்களுக்கு மேலே ஆறிய தழும்பு தெரியக்கூடும்.

மாமியைக் குறைசொல்வதற்காக இதை எழுதவில்லை. அவருக்குத் தெரிந்த வலிப்பு அந்தக் காலத்து வலிப்பு. 1990களில் வன்னியில் காய்ச்சலோடு ஒரு பிள்ளை இழுத்தால், வீட்டாருக்கு மட்டுமல்ல, வைத்தியருக்கும் முதலில் நெஞ்சில் இடித்தது மூளை மலேரியாதான். 1999 ஆம் ஆண்டில் நாடு முழுவதும் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட மலேரியா நோயாளர்கள் பதிவாகினர். போர் நடந்த மாவட்டங்களே அதில் பெரும் பங்கைச் சுமந்தன. இடம்பெயர்ந்து கொட்டிலில் இருந்த குடும்பங்களில், நுளம்பு வலையும் மருந்தும் ஒழுங்காகக் கிடைக்காத நாட்களில், அப்படி இழுத்த பிள்ளைகள் எல்லோரும் எழும்பவில்லை. கரண்டியும் திறப்பும் நூலும் அந்தப் பயத்திலிருந்து வந்தவை. 2012 ஒக்ரோபருக்குப் பிறகு இந்நாட்டிலேயே தொற்றிய மலேரியா இல்லாமற்போய், 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. இந்தச் செய்தியை மாமிக்கு யாரும் உட்கார்ந்து சொல்லியிருக்க மாட்டார்கள். நீங்கள் சொல்லலாம்.

அவர் சொன்ன இன்னொரு செய்தியை நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது மிக முக்கியமானது. காய்ச்சல் வலிப்பு குடும்பவழியாக வரும் இயல்புடையது. தகப்பனுக்கும் சிறுவயதில் வந்திருந்தால் மகனுக்கு வந்தது வியப்பில்லை. ஐந்து வயதுக்குப் பிறகு அவருக்கு எப்போதாவது வந்ததா என்று மாமியிடம் கேளுங்கள். இல்லை என்றால், மூளை பாதிக்கப்படுமா என்ற உங்கள் கேள்விக்கு ஓர் உதாரணம் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது: உழவு இயந்திரம் ஓட்டிக் குடும்பத்தைக் காப்பவர், அன்று அந்தப் பதற்றத்திலும் உங்கள் இருவரையும் விழாமல் கொண்டுபோய்ச் சேர்த்தவர். ஒருவரை வைத்து முடிவுசெய்வது மருத்துவமாகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சாதாரண காய்ச்சல் வலிப்பு வந்த பிள்ளைகளைப் பள்ளிப் பருவம் வரை தொடர்ந்து பார்த்தவர்களும், அவர்களுடைய படிப்பிலோ புத்தியிலோ மற்றப் பிள்ளைகளிலிருந்து வேறுபாடு காணவில்லை.

இனியும் வருமா என்றால், வரலாம். மூன்று பிள்ளைகளில் ஒருவருக்கு இன்னொரு காய்ச்சலில் மறுபடி வருகிறது. உங்கள் மகனுக்கு முதல் வலிப்பு ஒன்றரை வயதுக்கு முன்னரே வந்ததாலும், தகப்பன் வழியில் இருப்பதாலும், அந்த வாய்ப்பு இன்னும் சற்று அதிகம். வருவதானால் பெரும்பாலும் முதல் ஓராண்டுக்குள் வரும். காக்கைவலிப்பாக மாறுவது நூறில் ஒருவருக்கோ இருவருக்கோதான். தலை ஸ்கான் இதில் எதையும் முன்கூட்டிச் சொல்லாது; கதிர்வீச்சும், பிள்ளையை அசையாமல் கிடத்துவதற்கான மயக்க மருந்தும், யாழ்ப்பாணம் போய்வரும் செலவும்தான் மிச்சம். தினமும் வலிப்புக் குளிசை கொடுக்கவும் தேவையில்லை. அந்த மருந்துகளின் பக்கவிளைவுகள் இந்த வலிப்பைவிடத் தொல்லையானவை.

அடுத்த தடவை வந்தால் என்ன செய்வது என்பதை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இந்தக் கடிதத்தில் உங்களுக்கு உண்மையாகப் பயன்படப்போவது அதுதான். பிள்ளையைப் பாயில் அல்லது நிலத்தில் கிடத்தி, ஒருபக்கமாகச் சரித்து, முகம் சற்றுக் கீழ்நோக்கி இருக்கும்படி பிடியுங்கள். உமிழ்நீரும் வாந்தியும் தொண்டைக்குள் போகாமல் கடைவாயால் வழியும். மல்லாத்திவைப்பதுதான் ஆபத்து, மோட்டார் சைக்கிளில் நீங்கள் வைத்திருந்த விதம் அதனாலேயே எனக்குக் கவலை தந்தது. வாய்க்குள் கரண்டி, விரல், தண்ணீர், பாணி மருந்து எதுவும் வேண்டாம். பிள்ளை நாக்கை விழுங்கிவிடுவதில்லை. கைகால்களை அமுக்கிப் பிடிக்கவும் வேண்டாம். கையில் கொடுக்கும் திறப்பு தீங்கு செய்யாது, ஆனால் திறப்பைத் தேடும் நேரத்தில் மணியைப் பார்க்கலாம். நேரம்தான் வைத்தியருக்கு வேண்டும். வீட்டில் வேறொருவர் இருந்தால் கைபேசியில் ஒரு நிமிடம் படம் பிடிக்கச் சொல்லுங்கள், கூச்சப்பட வேண்டாம். கழுத்தில் கட்டிய நூலைக் கழற்றச் சொல்லி நான் மாமியோடு வழக்காட மாட்டேன். கையில் கட்டினாலும் அதன் பலன் குறையாது என்று கோயில் ஐயாவைக் கொண்டே சொல்வியுங்கள், ஏனென்றால் இழுக்கும் பிள்ளையின் கழுத்தில் இறுகக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது.

பெரும்பாலான வலிப்புகள் இரண்டு மூன்று நிமிடத்தில் தாமாகவே நின்றுவிடும். ஐந்து நிமிடம் கடந்தும் நிற்காவிட்டால் மருந்தால் நிறுத்த வேண்டும். ஆகவே உங்கள் கிராமம் போல உள்ளே தள்ளி இருப்பவர்கள் ஐந்து நிமிடம் முடியும்வரை பார்த்திருக்காமல், தொடங்கியவுடனேயே 1990 ஐ அழைப்பதே நல்லது. 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய இந்த அம்புலன்ஸ் சேவை 2018 இல் வடக்குக்கும் வந்தது, கட்டணம் இல்லை, வண்டியில் ஒட்சிசனும் பயிற்சி பெற்றவரும் இருப்பார்கள். பாதைப் பெயர் தெரியாத இடங்களில் குளத்தின் பெயர், பள்ளிக்கூடம், பொதுநோக்கு மண்டபம் என்று அடையாளம் சொல்ல வேண்டும். என்ன சொல்வது என்பதை இன்றே இரண்டு வரியில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டிவையுங்கள். வளவில் எந்த மூலையில் சிக்னல் கிடைக்கிறது என்பதையும் பார்த்துவையுங்கள். அம்புலன்ஸ் வரப் பிந்தும் என்று தெரிந்தால், அயலில் யாரிடம் ஓட்டோ இருக்கிறது என்பதையும் இப்போதே பேசிவைக்கலாம். பின் ஆசனத்தில் பிள்ளையை மடியில் சரித்து வைத்துக்கொண்டு போக ஓட்டோ போதும். யானை நிற்கும் இருட்டில், இழுக்கும் பிள்ளையோடு மோட்டார் சைக்கிளில் போவது கடைசி வழியாக இருக்கட்டும். பெரிய ஆஸ்பத்திரி என்று மாஞ்சோலைக்கே ஓட வேண்டும் என்பதில்லை. வலிப்பை நிறுத்தும் மருந்தை அருகிலுள்ள வைத்தியசாலையிலும் கன்னத்துக்குள்ளோ மலவாசல் வழியாகவோ நாளத்திலோ கொடுப்பார்கள். வழியில் வைத்தியர் இருக்கும் இடத்தைத் தாண்டிப் போகாதீர்கள்.

வலிப்பு இரண்டு நிமிடத்தில் நின்று பிள்ளை விழித்துச் சிரித்தாலும் அன்றைக்கே வைத்தியரிடம் காட்ட வேண்டும், ஏனென்றால் வலிப்பைவிட அதைக் கொண்டுவந்த காய்ச்சல் எது என்பதுதான் பெரிய கேள்வி. ஒரு மணித்தியாலமாகியும் தெளியாமல் கிடந்தாலோ, கழுத்து விறைத்தாலோ, உச்சிக்குழி புடைத்தாலோ, கண்ணாடிக் குவளையால் அழுத்தினாலும் மறையாத புள்ளிகள் தோன்றினாலோ அது மூளைக்காய்ச்சலாக இருக்கலாம். ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம். உங்கள் மகனுக்குக் காய்ச்சல் விட்ட பின் வந்து இரண்டு நாளில் மறைந்த புள்ளிகள் அந்த வகையல்ல. நேரில் பார்க்காமல் உறுதி சொல்ல முடியாவிட்டாலும், மூன்று நாள் கடுமையாகக் காய்ந்து, விட்டவுடன் புள்ளி போடும் ஒரு வைரசுக் காய்ச்சல் இந்த வயதுப் பிள்ளைகளுக்குச் சாதாரணமாக வருவது. காய்ச்சல் வலிப்பை அடிக்கடி கொண்டுவருவதும் அதுதான்.

மழைக்காலத்திலும் அதன் பின்னும் டெங்குவை நினைவில் வைத்திருக்க வேண்டியிருப்பதால் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன்: காய்ச்சலுக்குப் பனடோல் தவிர வேறு எதையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். சூட்டைச் சட்டென்று இறக்கும் என்று மலவாசலில் வைக்கும் டைக்குளோபினாக் மருந்தும், ஐபுபுறுபனும், அஸ்பிரினும் டெங்குவில் இரத்தக்கசிவைக் கூட்டும். பனடோல் ஒரு தடவைக்கு நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 15 மில்லிகிராம். 10 கிலோ பிள்ளைக்கு 150 மில்லிகிராம், அதாவது 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் உள்ள பாணியில் ஏறக்குறைய 6 மில்லிலீற்றர். ஆறு மணித்தியாலத்துக்கு ஒருதடவை, நாளுக்கு நான்கு தடவைக்கு மேல் வேண்டாம். இருமடங்கு செறிவுள்ள பாணியும் கடைகளில் இருப்பதால் போத்தலை வாசித்துப் பார்த்து, அளவுக் குவளையால் அளவுங்கள். தேத்தண்ணிக் கரண்டிகள் ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வோர் அளவு. குளிர்ந்த நீரில் துணி நனைத்துப் போர்த்துவது பிள்ளையை நடுங்கவைக்குமேயன்றி வலிப்பைத் தடுக்காது. காய்ச்சல் மூன்றாம் நாளும் விடாமல் இருந்தால் இரத்தம் சோதிக்க வேண்டும்.

18 மாத ஊசியைத் தவறவிடாதீர்கள். ஊசிக்குப் பிறகு ஓரிரு நாள் காய்ச்சல் வரலாம், அந்தக் காய்ச்சலில் வலிப்பு வரவும் சிறிது வாய்ப்புண்டு. ஆனால் அந்த ஊசி தடுக்கும் குக்கலும் தொண்டைக்கரப்பனும் அதைவிடப் பன்மடங்கு கொடியவை. பிள்ளைக்கு வலிப்பு வந்ததை முன்கூட்டியே சொல்லி, அந்த இரண்டு நாளும் கச்சான் வேலைக்குப் போகாமல் வீட்டில் நில்லுங்கள்.

உங்கள் இரவுகளைப் பற்றிக் கடைசியாக எழுதுகிறேன். நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதால் வலிப்பைத் தடுக்க முடியாது என்று நான் சொன்னால் நீங்கள் தலையாட்டிவிட்டு இன்றிரவும் எழும்புவீர்கள். உங்கள் மடியில் பிள்ளை துவண்ட அந்தக் கணத்தில் நீங்கள் கண்டது உங்கள் மகனை மட்டுமல்ல என்பதை உங்கள் கடைசி வரிகள் சொல்கின்றன. பதினான்கு வயதில் பார்த்ததை உடம்பு மறக்காது. அதேபோன்ற ஒன்றைக் கண்டதும் பழையதையும் சேர்த்து எழுப்பிவிடும். இந்தப் பகுதியில் காய்ச்சல் வலிப்போடு வரும் பிள்ளைகளின் தாய்மாரில் உங்கள் வயதொத்த பலர், வலிப்பு நின்று நாட்கள் சென்ற பின்பும் பிள்ளையைக் கீழே வைக்க மறுப்பதைக் கண்டிருக்கிறேன். இப்போதைக்கு ஓர் ஒழுங்கு செய்யுங்கள். நள்ளிரவு வரை கணவர் பிள்ளைக்குப் பக்கத்தில் படுக்கட்டும், நீங்கள் மற்றப் பக்கம் திரும்பிப் படுங்கள். எழும்ப வேண்டுமென்று தோன்றினால் அவரைக் கேளுங்கள், நீங்கள் தொட வேண்டாம். பகலில் பிள்ளை நித்திரையாக இருக்கும்போது, மாமியையும் இருத்தி, எப்படிச் சரித்துப் பிடிப்பது என்று இருவரும் ஒருதடவை செய்து பாருங்கள். கைக்குத் தெரிந்திருந்தால் இரவில் மனம் அவ்வளவு அலையாது.

அடுத்த மாதம் ஊசிக்குப் போகும்வரையும் இப்படியே எழும்பிக்கொண்டிருந்தால், பிள்ளையின் வலிப்பைச் சொல்லும் அதே மூச்சில் உங்கள் நித்திரையைப் பற்றியும் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு அவர் உங்களை அனுப்பிவைப்பார். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போகலாம்.